கிராபிக்ஸ் கார்டால் கணினி நின்றுபோகும்போது: மலையில் வசிப்போருக்கான முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் ஒரு கணினி, விளையாட்டின் நடுவிலோ வீடியோ ரெண்டர் ஆகும்போதோ திடீரென நின்றுவிட்டால், பழி முதலில் கிராபிக்ஸ் கார்டின் மீதுதான் விழுகிறது. "கார்டு போயிடுச்சுங்க, வேற வாங்கணுமா?" என்று கேட்டுக்கொண்டேதான் பலர் கடைக்குள் நுழைகிறார்கள். குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் கணினி பழுதுபார்ப்பதே தொழிலாகக் கொண்ட நான், அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்வதில்லை. கார்டுதான் கணினியிலேயே விலை உயர்ந்த உறுப்பு. அதைச் சர்வீஸ் சென்டரில் காட்ட வேண்டுமென்றால் பெரும்பாலும் கோயம்புத்தூர் வரை இறங்க வேண்டும். போக வர ஒரு நாள் போய்விடும். அவ்வளவும் செலவழித்துக் கொண்டுபோன கார்டு அங்கே எந்தக் குறையும் இல்லாமல் ஓடினால், கோளாறு நம் வீட்டிலேயே இருக்கிறது என்று பொருள். மலையில் அப்படி நடப்பது அரிதல்ல. இங்கே கார்டுக்கு வரும் மின்சாரமும், அதன் மேல் படியும் ஈரமும், அது ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கும் விதமும் கார்டைவிட அதிகம் சந்தேகிக்கப்பட வேண்டியவை என்பது என் உறுதியான கருத்து. ஆகவே கீழ்வரும் வழிமுறை, செலவில்லாத சோதனையில் தொடங்கி, கார்டைக் கழற்றிக் கொடுப்பதைக் கடைசியில் வைக்கிறது.

முழுவதற்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு தாளில் தேதியுடன் எழுதுங்கள். டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) மாற்றி, ரேமைக் கழற்றி மாட்டி, யு.பி.எஸ்.ஸையும் மாற்றிவிட்டுக் கணினி சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த மழைக்காலத்தில் அதே கோளாறு திரும்பும்போது மறுபடியும் தொடக்கத்திலிருந்து தேட வேண்டியிருக்கும்.

எப்படி நின்றது என்பதைக் கவனியுங்கள்

"ஹேங் ஆகிவிட்டது" என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. திரை ஓரிரு நொடி கறுத்துப் பின் தானே திரும்பி வந்தால், விண்டோஸ் டிரைவரை மீண்டும் தொடங்கியிருக்கிறது. பிழைச் செய்தியோடு நீலத் திரை (புதிய விண்டோஸ் 11இல் கறுப்புத் திரை) வந்தால், அந்த முயற்சி தோற்றிருக்கிறது அல்லது கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. திரை கறுத்துப்போய், ஆனால் பாட்டோ பேச்சோ தொடர்ந்து கேட்டு, கார்டின் ஃபேன்கள் முழு வேகத்தில் சுற்றத் தொடங்கினால், கணினி உயிரோடு இருக்கிறது, கார்டு மட்டும் அதன் கையை விட்டுப் போய்விட்டது. யாரோ பிளக்கைப் பிடுங்கியதுபோல மொத்தக் கணினியும் ஒரே கணத்தில் அணைந்தால், அல்லது அணைந்த வேகத்தில் தானாகவே ரீஸ்டார்ட் ஆனால், டிரைவரைத் தேடிப் போவது வீண் வேலை. அது மின்சாரத்தின் பக்கம் இருக்கும் கோளாறு. கடைசியாக, திரையில் வண்ணக் கோடுகள், சதுரக் கட்டங்கள், மின்னும் புள்ளிகள் தோன்றுவது. இதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

திரை கறுத்தவுடன் பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். முதலில் விசைப்பலகையில் நம்லாக் விசையைத் தட்டி, அதன் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். அணைந்து எரிந்தால் விண்டோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்றையும் பிடித்துக்கொண்டு பி (B) விசையை அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுதொடக்கம் ஆகும். திரை திரும்பி வந்தால், சேமிக்காத வேலையும் தப்பிக்கும், முக்கியமான ஒரு தடயமும் கிடைக்கும்.

விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் பதிவு

கார்டிடம் ஒப்படைத்த வேலைக்கு 2 நொடிக்குள் பதில் வராவிட்டால், கார்டு செயலிழந்துவிட்டதாகக் கருதி அதை மீட்டெடுக்கும் ஏற்பாடு விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது. சுருக்கமாக டி.டி.ஆர். என்பார்கள். மீட்பு வெற்றி பெற்றால் ஒரு பதிவு மட்டும் எழுதப்படும். 60 நொடிக்குள் ஐந்து முறைக்கு மேல் மீட்க வேண்டி வந்தாலோ, மீட்கவே முடியாமற்போனாலோ நீலத் திரை வரும்.

ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் பகுதியில் சிஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி நின்ற நேரத்துக்கு நேராக இருக்கும் பதிவுகளை மட்டும் பாருங்கள். மற்ற சிவப்புக் குறிகள் எந்த நல்ல கணினியிலும் ஏராளமாக இருக்கும், அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. டிஸ்ப்ளே என்ற பெயரில் 4101 என்ற எண் இருந்தால், டிரைவர் நின்று மீண்டதாகப் பொருள். என்விடியா டிரைவரின் கோப்புப் பெயர் என்.வி.எல்.டி.டி. என்ற எழுத்துகளில் தொடங்கும்; அந்தப் பெயரில் 13, 14, 153 ஆகிய எண்கள் வந்தாலும் பார்க்க வேண்டிய இடம் கார்டும் டிரைவரும்தான்.

கெர்னல் பவர் 41 என்ற பதிவைப் பார்த்தவுடனேயே பலர் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்குள் எல்லா உறுப்புகளுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பதிவு சொல்வதெல்லாம், முந்தைய முறை கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே. ஏன் என்பதை அறிய அதன் டீட்டெயில்ஸ் பக்கத்தைத் திறந்து, பக்செக் கோடு என்ற வரியில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். அங்கே 0 இருந்தால், நீலத் திரை வருவதற்குக்கூட நேரமில்லாமல் மின்சாரம் போயிருக்கிறது அல்லது கணினி உறைந்து நீங்களே பட்டனை அழுத்தியிருக்கிறீர்கள். 278 இருந்தால் அது நீலத் திரையில் 116 என்று காட்டப்படும் வீடியோ டி.டி.ஆர். ஃபெய்லியர். இந்தப் பக்கத்தில் எண் பதின்ம முறையிலும், நீலத் திரையில் பதினறும முறையிலும் இருப்பதால்தான் இரண்டும் வேறாகத் தெரிகின்றன. 281 என்பது 119, அதாவது வீடியோ ஷெட்யூலர் கோளாறு. 292 என்பது 124. ஹார்டுவேர் கோளாறான இது கார்டாலும் வரலாம், புராசஸர், ரேம், மின்சாரம் ஆகியவற்றாலும் வரலாம். இந்த எண்ணைக் குறித்துக்கொண்டபின் எந்தப் பகுதியை முதலில் படிப்பது என்பது தெளிவாகிவிடும்: 0 என்றால் மின்சாரம், 278 அல்லது 4101 என்றால் டிரைவரிலிருந்து தொடங்கி வெப்பம், 292 என்றால் எல்லாமே.

மின்சாரம்

மலையில் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கமும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மரம் விழுந்து கம்பி அறுவது வழக்கம். மின்சாரம் போவதைவிட அது திரும்பி வரும் கணத்தில்தான் ஆபத்து அதிகம். குளிர்காலத்துக்கு வேறொரு தொல்லை உண்டு. டிசம்பர், ஜனவரி மாலைகளில் ஊரே ஒரே நேரத்தில் கீசரையும் ரூம் ஹீட்டரையும் போடுகிறது. லைனின் கடைக்கோடியில் இருக்கும் வீடுகளில் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது.

கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஒரு ஸ்டுடியோவின் கணினி, பகலெல்லாம் ஒழுங்காக ரெண்டர் செய்துவிட்டு, மாலையில் மட்டும் அணைந்துகொண்டிருந்தது. பக்செக் கோடு ஒவ்வொரு முறையும் 0. மல்டிமீட்டரை அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி வைத்துப் பார்த்தபோது, பகலில் 225க்கு மேல் நின்ற எண், மாடியில் கீசர் போட்டதும் 190க்குக் கீழே இறங்கியது. அந்தக் கணத்தில் யு.பி.எஸ். 'டிக்' என்று பேட்டரிக்கு மாறியது. ரெண்டர் சுமையோடு இருந்த கணினி அந்த மாற்றத்தைத் தாங்காமல் அணைந்தது. அங்கே கார்டில் எந்தக் குறையும் இல்லை. யு.பி.எஸ். சிறியது.

இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். 200 வாட் கார்டும், 100 வாட்டைத் தாண்டும் புராசஸரும், ஒரு மானிட்டரும் சேர்ந்தாலே அந்த எல்லையை முட்டிவிடும். அதோடு, கார்டு தன் பெட்டியில் போட்டிருக்கும் அளவைத் தாண்டிச் சில மில்லிநொடிகளுக்கு மிக அதிகமாக இழுக்கும் இயல்புடையது. மலிவான யு.பி.எஸ்.கள் பேட்டரியில் ஓடும்போது சீரான சைன் அலையைத் தருவதில்லை. இன்றைய நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களில் மின்சாரத்தைச் சீராக இழுப்பதற்காக உள்ள ஆக்டிவ் பி.எஃப்.சி. அமைப்பு சில சமயம் அந்த அலையை ஏற்காமல் அணைந்துவிடும். ஆகவே கார்டு வைத்திருப்பவர்கள் யு.பி.எஸ். வாங்கும்போது வி.ஏ. எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பார்த்து, பியூர் சைன் வேவ் வகையையே வாங்க வேண்டும். சோதிப்பதற்கு, இடி மின்னல் இல்லாத ஒரு நாளில், எர்த் உள்ள சுவர் பிளக்கில் கணினியை நேரடியாகச் செருகி, அதே வேலையை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் குற்றவாளி யு.பி.எஸ். அல்லது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

எர்த்தையும் இதோடு சோதித்துவிடுங்கள். கேபினெட்டின் உலோகப் பகுதியைப் புறங்கையால் தொடும்போது சுரீரென்று இழுத்தால், எர்த் இணைப்பு இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் உள்ள வடிகட்டி, எர்த் கிடைக்காதபோது லைன் வோல்டேஜில் பாதியளவைக் கேபினெட்டில் நிற்கச் செய்கிறது. கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளை வீழ்த்தாது, ஆனால் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகும் கணத்தில் கார்டின் போர்ட்டைக் கெடுக்கப் போதுமானது. கணினியை டிவியோடு இணைப்பவர்களும், அந்த டிவியில் கேபிள் ஒயரும் மாட்டியிருப்பவர்களும் இதில் மிகுந்த எச்சரிக்கை கொள்ள வேண்டும். பாறை நிலத்தில் போட்ட எர்த் குழி கோடையில் காய்ந்து பயனற்றுப்போகும். எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். அது ஓரிரண்டு வோல்ட்டுக்குள் இருப்பதே நல்லது. இடி தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். இணைய ஒயரையும் சேர்த்து.

இனி கேபினெட்டுக்குள். மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து கார்டு 75 வாட் வரை எடுக்கலாம். 6 பின் இணைப்பு இன்னும் 75 வாட், 8 பின் இணைப்பு 150 வாட் தரும். இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து ஒரே ஒயரில் கிளைவிட்டு வரும் இரண்டு முனைகளைச் செருகாமல், இரண்டு தனித்தனி ஒயர்களைச் செருகுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் இணைப்பிலிருந்து 8 பின்னாக மாற்றும் மலிவான அடாப்டர்களைத் தூக்கி எறிந்துவிடுங்கள். கழற்றி மாட்டும் ஒயர்கள் கொண்ட எஸ்.எம்.பி.எஸ். என்றால், வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஒயரை அதில் செருகவே கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே பின்களின் வரிசை மாறியிருக்கும், கார்டும் ஹார்டு டிஸ்க்கும் ஒரே நொடியில் எரிந்துபோகும். புதிய கார்டுகளில் வரும் 16 பின் இணைப்பை இடைவெளி தெரியாத அளவுக்கு முழுமையாக அழுத்திச் செருகி, முனைக்கு அருகிலேயே ஒயரை மடக்காமல் விடுங்கள். அரைகுறையாகச் செருகிய இணைப்புகள் உருகிய செய்திகள் 2022 முதல் உலகெங்கும் வந்திருக்கின்றன.

ஹெச்.டபிள்யூ. இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்.எம்.பி.எஸ். தரும் 12 வோல்ட் அளவைச் சுமையோடு கவனியுங்கள். அனுமதிக்கப்பட்ட எல்லை 11.4 முதல் 12.6 வரை. மென்பொருள் காட்டும் எண் தோராயமானது என்றாலும், வேலை தொடங்கியதும் அது 11.4ஐ நோக்கிச் சரிந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிப் பார்க்க அதுவே போதிய காரணம்.

ஈரமும் குளிரும் தூசியும்

சமவெளிக்காக எழுதப்படும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இராது. இங்கே மேகம் சன்னல் வழியாக வீட்டுக்குள் வருகிறது. ஒரு வாரம் பூட்டிக் கிடந்த வீட்டில், தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும் அறையில், கணினி மட்டும் உலர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கணினியை அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பிறகு கார்டின் திருகைக் கழற்றி, ஸ்லாட்டின் நுனியில் உள்ள சிறு பூட்டை விடுவித்து, கார்டை நேராக மேலே இழுங்கள். அதன் அடியில் உள்ள தங்கநிறப் பற்களைக் கைப்பேசி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நல்ல கார்டில் ஒளி எல்லாப் பற்களிலும் ஒரே மாதிரி ஓடும். ஈரம் பட்ட கார்டில் சில பற்கள் மட்டும் மங்கலாக, தேநீர்க் கறைபோன்ற பழுப்புத் திட்டுகளோடு தெரியும். முற்றிய நிலையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கும். இழை விடாத துணியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, பற்களின் நீளவாக்கில் துடைத்தெடுங்கள். கறை போகாவிட்டால் வெள்ளை ரப்பரால் மிக மெதுவாக ஓரிரு முறை தேய்த்து, துகளை பிரஷ்ஷால் தட்டி, மறுபடி ஆல்கஹாலால் துடையுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், வாசனை ஸ்பிரே எதுவும் வேண்டாம். அவை பசை விட்டுப்போகும். கார்டை மீண்டும் செருகும்போது பூட்டு 'க்ளிக்' என்று விழ வேண்டும். இந்த ஒரு வேலையிலேயே பிரச்சினை தீர்ந்துவிட்ட கணினிகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குளிரில் கிடந்த உலோகத்தின்மேல் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும். உதகையில் உறைபனி விழும் இரவுக்குப் பின், ஹீட்டர் இல்லாத அறையில் குளிர்ந்து கிடக்கும் கணினியை, கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்த கையோடு போடாதீர்கள். கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அது அறையிலேயே மிகவும் குளிர்ந்த பொருளின்மேல்தான் படியும், அந்தப் பொருள் பெரும்பாலும் கார்டின் ஹீட்சிங்க்காக (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) இருக்கும். அறை சூடேறி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் போடுங்கள். மலையிலிருந்து குளிர்ந்த கார்டை மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ கொண்டுபோனாலும் இதே கதைதான். அங்குள்ள வெப்பக்காற்றில் உடனே பிரிக்காமல், மூடிய பையோடு அறை வெப்பத்துக்கு வரும்வரை விட வேண்டும். நீண்ட நாள் ஊரில் இல்லாதபோது கார்டைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நல்லது. லென்ஸ்களைக் காக்கும் உலர் பெட்டி ஸ்டுடியோக்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கும். அதில் ஒரு தட்டு போதும்.

தூசியும் இங்கே தனி ரகம். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு அருகில் பஞ்சுபோன்ற தேயிலைத் தூசி, விறகு அடுப்புள்ள வீடுகளில் கரிப்படலம். உலர்ந்த தூசி காற்றை அடைப்பதோடு நிற்கும். ஈரம் குடித்த தூசி மின்சாரத்தையும் கசியவிடும். ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

டிரைவர்

பதிவில் 4101 அல்லது 278 கிடைத்தவர்கள் இங்கே தொடங்கலாம். டிவைஸ் மேனேஜரில் டிரைவரின் தேதியைப் பாருங்கள். கோளாறு தொடங்கிய வாரத்தில் விண்டோஸ் அப்டேட் தானாகவே டிரைவரை மாற்றியிருந்தால், ரோல் பேக் டிரைவர் பட்டனே போதும். இல்லாவிட்டால் சுத்தமாக நீக்கிப் போட வேண்டும். முதலில் தயாரிப்பாளர் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி வையுங்கள். கோப்பு 500 எம்.பி.க்கு மேல் இருக்கும், எஸ்டேட் பகுதிகளில் நெட்வொர்க் அறுந்து அறுந்து வருமென்றால் டவுனில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவருவது மேல். பிறகு இணையத்தைத் துண்டியுங்கள். துண்டிக்காவிட்டால் நீங்கள் நீக்கிய உடனேயே விண்டோஸ் தன்னிடமுள்ள டிரைவரைப் போட்டுவிடும். சேஃப் மோடில் நுழைந்து, டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற கருவியை ஓட்டி, ரீஸ்டார்ட் ஆனதும் புதிய டிரைவரைப் போட்டு, அதன் பிறகே இணையத்தை இணையுங்கள். எடிட்டிங் செய்பவர்கள் என்விடியாவின் ஸ்டுடியோ டிரைவரைத் தேர்ந்தெடுக்கலாம். லேப்டாப்புக்கு அதன் தயாரிப்பாளர் தரும் டிரைவரையே முதலில் முயலுங்கள்.

அந்த 2 நொடி வரம்பை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) உயர்த்தச் சொல்லும் அறிவுரைகளை நிறையக் காணலாம். முப்பரிமாண ரெண்டர் போன்ற கனத்த கணக்கு வேலைகளில் கார்டு உண்மையிலேயே 2 நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும், அங்கே அது முறையான தீர்வு. விளையாட்டுக்கோ சாதாரண வேலைக்கோ அதைச் செய்தால், நோயைத் தீர்க்காமல் அறிகுறியை மட்டும் மறைத்ததாக ஆகும்.

வெப்பமும் சுமைச் சோதனையும்

உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. ஒரே வேகத்தில் சுற்றும் ஃபேன் அந்த அளவுக்குக் குறைவான காற்றைத்தான் தள்ளும். குளிர் அதை ஈடுகட்டிவிடுவதால் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஆனால் இதிலிருந்து ஒரு பயனுள்ள அளவுகோல் கிடைக்கிறது. சென்னை வெயிலில் கார்டு 83 டிகிரியைத் தொட்டால் அறையின் மீது பழி போடலாம். 15 டிகிரி அறையில் அதே கார்டு 83ஐத் தொட்டால் பழி போட வேறெதுவும் இல்லை, தூசி அடைத்திருக்கிறது அல்லது சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் பேடும் காய்ந்துவிட்டன. ஜி.பி.யு. இசட் மென்பொருளில் சராசரி வெப்பத்தோடு, சிப்பின் மிகச் சூடான புள்ளியைக் காட்டும் ஹாட் ஸ்பாட் எண்ணையும் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி 25 டிகிரியைத் தாண்டினால் பேஸ்ட் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன். பல ஏ.எம்.டி. கார்டுகள் ஹாட் ஸ்பாட்டை 110 டிகிரி வரை அனுமதிக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

சோதிக்க, ஹெவன் அல்லது சூப்பர்பொசிஷன் போன்ற கருவியை அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஃபர்மார்க் கார்டை வழக்கத்துக்கு மீறி வாட்டும். அதைச் சில நிமிடங்களுக்கு மேல் ஓட்ட வேண்டியதில்லை. நின்றுபோனால், எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 70 சதவீதமாக்கி மறுபடி ஓட்டுங்கள். இப்போது நிற்காமல் ஓடினால், மின்சாரப் பகுதிக்குத் திரும்பிச் செல்லுங்கள். பவர் லிமிட்டைத் தொடாமல் கோர் வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்ததுமே சரியானால், கார்டின் சிப் தளர்ந்துவருகிறது. ஓ.சி.சி.டி. மென்பொருளின் வீடியோ மெமரி சோதனையில் ஒரு பிழைகூட வரக் கூடாது. வந்தால் கார்டின் மெமரி மீது சந்தேகம் உறுதியாகிறது.

கார்டு போல வேடமிடும் வேறு கோளாறுகள்

பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே தொடங்கும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ அமைப்பை அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மெம்டெஸ்ட் 86ஐ இரவு முழுக்க ஓட விடுங்கள்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர் வைத்திருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. "வீடியோ மெமரி போதவில்லை" என்று விளையாட்டு அறிவித்துவிட்டு மூடிக்கொள்ளும். கார்டில் மெமரி தாராளமாக இருக்கும். உண்மையில் கெட்டுப்போவது புராசஸர். மிகையான வோல்டேஜ் கேட்கும் இந்தக் குறையை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு (புராசஸரின் உள் கட்டளைகள்) திருத்தங்களை வெளியிட்டு, பாதிக்கக்கூடிய மாடல்களுக்கு வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. மதர்போர்டின் பயாஸை அப்டேட் செய்யுங்கள்; ஏற்கெனவே கெட்ட புராசஸரை அப்டேட் மீட்காது, வாரன்டியில் மாற்றத்தான் வேண்டும். பயாஸ் அப்டேட்டின் நடுவே மின்சாரம் போனால் மதர்போர்டே போய்விடும் என்பதால், மழை நாளில் அதைத் தொடாதீர்கள்.

உபுண்டு பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி ஓட்டிப் பார்ப்பது இன்னொரு நல்ல வழி. அங்கேயும் நின்றால் விண்டோஸ் குற்றமற்றது. என்விடியா டிரைவர் போட்ட லினக்ஸ் பதிவில் எக்ஸ்.ஐ.டி. 79 என்று வந்தால், கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் தரவுப் பாதையான பஸ்ஸிலிருந்தே கார்டு விழுந்துவிட்டது என்று பொருள். மின்சாரம், ஸ்லாட், வெப்பம் மூன்றையும் மீண்டும் பாருங்கள்.

கார்டுதான் என்று உறுதி செய்வது

திரையில் கோடுகளோ கட்டங்களோ வரும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறொரு கைப்பேசியில் திறந்து பாருங்கள். படத்திலும் கோடுகள் இருந்தால் கார்டு வரையும்போதே பிழை செய்திருக்கிறது. படம் சுத்தமாக இருந்து திரையில் மட்டும் கோடு இருந்தால் கேபிள், மானிட்டர், போர்ட் ஆகியவற்றில் ஒன்று. பயாஸ் திரையிலேயே கோடுகள் வந்தால் டிரைவர் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து, கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரை மதர்போர்டில் செருகி ஓரிரு நாள் வேலை செய்யுங்கள். இன்டெல் புராசஸரின் பெயர் எஃப் என்று முடிந்தால் இது முடியாது. ஏ.எம்.டி.யின் ரைசன் 5000 வரையிலான டெஸ்க்டாப் வரிசையில் எண்ணுக்குப் பின் ஜி என்ற எழுத்து வருபவற்றில் மட்டும்தான் முடியும். கார்டு இல்லாமல் நிற்காமல் ஓடுவது பாதிச் சான்று. அதே கார்டு நண்பரின் கணினியில், போதிய எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு, அதே வகையில் நின்றால்தான் முழுச் சான்று.

பழைய கார்டு வாங்கியவர்கள் ஜி.பி.யு. இசட்டில் அது போலி அல்ல என்பதையும் உறுதி செய்யுங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கார்டுகளை ஓட்டி மின்னணு நாணயம் ஈட்டும் வேலை) முடிவுக்கு வந்தபின், இரவுபகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் தெர்மல் பேடை மாற்றிய பிறகே முடிவு சொல்ல வேண்டும். கெட்ட கார்டை அடுப்பிலோ ஹீட் கன்னிலோ சுட்டு உயிர்ப்பிக்கும் வித்தையை நம்பாதீர்கள். சில வாரம் ஓடிவிட்டு மறுபடி சாகும், வாரன்டியும் போகும், அடுப்பில் பரவும் புகை சமையலுக்கு ஆகாது.

கொடுத்தனுப்பும்போது கார்டை மட்டும் கழற்றி, ஆன்டி ஸ்டாட்டிக் பையில் போட்டு, அதன் சொந்தப் பெட்டியிலோ நுரை வைத்த பெட்டியிலோ அடையுங்கள். முழுக் கணினியையே கொண்டுபோக வேண்டியிருந்தாலும் கார்டு ஸ்லாட்டில் இருக்கக் கூடாது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி குலுங்கும்போது, ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கார்டு ஸ்லாட்டைப் பெயர்த்துவிடும். சீரியல் எண் ஸ்டிக்கரையும், தங்கப் பற்களையும், போர்ட்டுகளையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "அடிக்கடி ஹேங் ஆகிறது" என்று எழுதாமல், எந்த வேலையில், எத்தனை நிமிடத்தில், எந்தப் பதிவு எண்ணோடு, எத்தனை டிகிரியில் நின்றது, எந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சோதித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். அந்தத் தாள் இருந்தால், சர்வீஸ் சென்டரில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு "குறை இல்லை" என்று திருப்பியனுப்பும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். மாற்றுக் கார்டு வந்ததும், முன்பு நின்ற அதே வேலையை, முன்பு நின்ற அதே நேரத்தில், அதே பிளக்கில் ஓட்டி, ஒரு வாரத்துக்கு ஈவென்ட் வியூவரில் 41உம் 4101உம் வருகின்றனவா என்று பாருங்கள். பழைய கார்டு வாங்கிய பில்லையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.